உசிரு இல்லாத பிள்ளை

பூங்காவில் நமக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர் என் மகனைவிட இளையவர். போன வாரம் என் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து, "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் பின் வரிசைக்குப் போயிடுறீங்களா? உங்க மூச்சு சத்தம் மத்தவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகுது" என்று பணிவாகத்தான் கேட்டார். நீங்கள் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். காதையும் மூடியிருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் நகரவில்லை. அது மட்டும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி நடக்கும்போது உங்களில் ஒருவர், "இந்த வயசுல எதுக்கு இந்த வீம்பு?" என்று கேட்டார். அதற்குப் பதில் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு பூவும் ஒரு கும்பிடும் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எல்லாம் இந்த வயதில் வந்தவை. என் இரைப்பு அப்படியில்லை, சின்ன வயதிலிருந்தே என்னோடு இருக்கிறது. அதைப் பின் வரிசைக்குப் போகச் சொன்னவர்களில் இந்த மாஸ்டர் முதல் ஆளும் இல்லை.

அப்பா மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளிக்காரர். கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்த கொத்தனார். தமிழும் கன்னடமும் அவருக்கு ஒரே நாக்கில் புரளும். அம்மா எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டூர்ச் சீமையில் பிறந்தவள். கடையில் உப்பு, புளி கேட்பதற்கு வேண்டிய கன்னடம் மட்டும் அவளிடம் இருந்தது. நாங்கள் குடியிருந்தது, கன்னடத்தில் வட்டாரம் என்று சொல்லும் ஓர் ஒண்டிக்குடித்தனத்தில். இந்த ஊரில் பழைய ஆட்களுக்கு அது தெரியும். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் எல்லோருக்கும் ஒரு குழாய், குழாயடியில் எல்லோருக்கும் சண்டை. எங்கள் வீடு கடைசி. அதற்குப் பின்னால் ஒரு பப்பாளி மரம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினாள். கரித்தூளும் பிசின்தூளும் மூட்டையில் வந்து இறங்கும். இரண்டையும் கலந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து, தாழ்வான ஒரு பலகையில் மூங்கில் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரு தேய். பத்தி ஆகிவிடும். வாசனை எல்லாம் கம்பெனியில் ஏற்றுவது. எங்கள் வீட்டில் கரி மட்டும்தான். மூட்டையைப் பிரிக்கும்போது அறை முழுக்க ஒரு கறுப்பு மூட்டம் எழும்பும். சோற்றுக் குண்டானை மூடி வைப்போம், தண்ணீர்ப் பானையை மூடி வைப்போம். மூக்கை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சாயங்காலம் அப்பா சுண்ணாம்புக் கையோடு வருவார். அவர் கை வெள்ளை, அம்மா கை கறுப்பு. நான் இருவரையும் கட்டிக்கொண்டு வரிக்குதிரை ஆவேன்.

நான் ஏழாவது படித்த வருஷத்து மழைக்காலம் அது. சாமுண்டி மலை மேகத்துக்குள் போய்விட்டு நாள்கணக்கில் வெளியே வரவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. தயிர் கூடாது என்றார்கள். வாழைப்பழம் கூடாது, மழை கூடாது, ஓட்டம் கூடாது, சத்தமாகச் சிரிப்பதும் கூடாது. நெஞ்சில் கற்பூர எண்ணெய் தேய்த்தார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போய் எனக்கு மொட்டை போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். இதற்கெல்லாம் மேலே, தினமும் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எனக்குச் சாம்பிராணிப் புகை போட்டார்கள். கரித்தூசியில் மூச்சுத் திணறிய பிள்ளைக்குப் புகை வைத்தியம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. அன்பு இருந்தது, கொள்ளை கொள்ளையாக இருந்தது. ஜன்னல்தான் இல்லை.

தசராவுக்கு முன்னால் பள்ளிக்கூட விழா. அதற்கு ட்ரில் பழக்கினார்கள். முளைவிட்ட மொட்டைத் தலையோடு நானும் போய் முதல் வரிசையில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் நின்றதுதான். மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலமாகிப் போனதாம். ஹெட்மிஸ்ட்ரஸ் தானே ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறை பெஞ்சில் உட்கார வைத்து, தன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அவர் பள்ளிக்கூட ஆயாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். ஆயா கன்னடக்காரி. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "நிம்ம மகளிகெ உசிரே இல்லா, பேக பன்னி!" என்றாள். உன் மகளுக்கு மூச்சே இல்லை, சீக்கிரம் வா என்று அவள் சொன்னாள். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. உயிருக்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை ஜீவா. அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? அவள் காதில் விழுந்தது அவளுடைய சொந்த வார்த்தை. உன் மகளுக்கு உசுரே இல்லை.

நான் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். தூரத்தில் ஒப்பாரிச் சத்தம் கேட்கிறது. யார் வீட்டிலோ சாவு என்று நானும் எட்டிப் பார்த்தேன். அம்மா! தலைவிரி கோலமாக, கரிக்கையால் மாரில் அடித்துக்கொண்டு, முகமெல்லாம் கறுப்பாக வருகிறாள். அவளுக்குப் பின்னால் வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டு வருகிறார்கள். "என்ற கண்ணு! உன்னய வாரிக் குடுக்கவா இந்த ஊருக்கு வந்தேன்!" வகுப்புகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன. அம்மா அறைக்குள் வந்தாள், என்னைப் பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள். அடுத்த நொடி கன்னத்தில் பளீரென்று ஓர் அறை.

"உசுரோட உக்காந்துக்கிட்டு வெந்நி குடிக்கிறியா நீ!"

அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். என் சட்டையில் அவளுடைய பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு முகம் சுண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிணம் விழுந்ததாகத் தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது அல்லவா. சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பிள்ளைக்கு உசிரு சரியில்லை, இங்கே ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தலையில் விடியும், நன்றாகக் குணமானால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆகவில்லை என்றால் வேண்டாம்.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். "அவங்க உசிருங்கறது நம்ம மூச்சுடி. உசுரில்ல, மூச்சு."

"ஏனுங்க, மூச்சு நின்னா உசுரு இருக்குமா? ரெண்டும் ஒண்ணுதான?" என்றாள் அம்மா.

அப்பா முடிவைத்தான் சொன்னார். "அவளுக்குப் படிப்பு போதும். வீட்டுல உன்கூட இருக்கட்டும். உசுரு தங்குனாப் பாத்துக்கலாம்."

அப்படித்தான் என் மூச்சைக் காப்பாற்றுவதற்காக என்னைக் கரித்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பகல் முழுக்கப் பத்தி உருட்டினேன். இரைப்பு கூடியது. பார்த்தாயா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததே நல்லதாகப் போயிற்று என்றார் அப்பா. அந்த வாக்கியத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் விழுங்க முடியவில்லை.

அம்மா மூட்டை பிரிக்கும் நேரத்தில் மட்டும் நான் பப்பாளி மரத்தடிக்குப் போய்விடுவேன். அங்கே நெஞ்சு கொஞ்சம் இளகும். ஏன் என்று நானும் யோசிக்கவில்லை. கையில் அறிவியல் புத்தகம் இருக்கும். அடுத்து நடத்தவேண்டிய பாடத்தின் பெயர் உசிராட்ட, அதாவது சுவாசம். பொறாமையோடுதான் திறந்தேன். எனக்கு இல்லை என்று ஊரே சொன்ன பொருளைப் பற்றிய பாடம் அல்லவா.

மண்புழுவுக்கு நுரையீரலே கிடையாது என்று அதில் போட்டிருந்தது. ஈரத்தோலால் சுவாசிக்கிறதாம். பப்பாளி இலை தன் அடிப்பக்கத்துத் துளைகளால் சுவாசிக்கிறது. மூச்சை இழுத்து விடுவது வெளி வேலைதான், உண்மையான சுவாசம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் நடக்கிறது, சாப்பிட்ட சாப்பாடு தீயில்லாமல் மெல்ல எரிந்து தெம்பு ஆகிறது, அது நடக்கும் வரைக்கும்தான் எதுவும் உயிரோடு இருக்கும். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நுரையீரலே இல்லாத புழுவை யாரும் பூமியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. எனக்குப் பழுதானாலும் இரண்டு இருந்தன.

அதே பாடத்தில் ஒரு சோதனை. முளைவிட்ட விதைகளை பாட்டிலில் போட்டு, கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர் வைத்து மூடினால், அந்த நீர் பால் மாதிரி வெளுக்கும். விதை விடும் மூச்சுக்காற்று படுவதால் அப்படி ஆகும். நாம் குழாய் வைத்து ஊதினாலும் வெளுக்கும். எங்கள் வீட்டில் இதில் எதற்குப் பஞ்சம்? கொல்லையில் அப்பாவின் வெள்ளையடிக்கும் சுண்ணாம்புத் தொட்டி இருந்தது. மேலே படிந்த ஏட்டை விலக்கிவிட்டுத் தெளிநீரை மொண்டேன். சாற்றுக்கு முளைகட்டிய கொள்ளு ஈரத்துணி மூட்டையில் இருந்தது. அதற்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். அது ஏன் சுடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு ஊறுகாய் பாட்டிலில் முளைகட்டிய கொள்ளு, இன்னொன்றில் வறுத்த கொள்ளு. காற்று புகாமல் மூடியைச் சுற்றி அப்புவதற்குப் பத்தி மாவு. அதைவிட ஒட்டும் பொருள் உலகத்தில் கிடையாது.

மறுநாள் காலையில் வறுத்த கொள்ளின் கிண்ணம் கண்ணாடி மாதிரி இருந்தது. முளைவிட்ட கொள்ளின் கிண்ணம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். இரண்டு பாட்டிலையும் பத்திக் கூடையில் வைத்தேன். ஒரு புட்டியில் புதுச் சுண்ணாம்பு நீர், ஒரு கண்ணாடி டம்ளர். ஊதுவதற்குப் பப்பாளி இலைக்காம்பு ஒன்றை ஒடித்தேன். அதைவிட நல்ல குழாய் கிடையாது. நடந்தே போனேன். வழியில் நின்று நின்று போனேன், ஆனால் போனேன். ஆயா வாயிலிலேயே கையை விரித்து மறித்தாள். அவள் கைக்கு அடியில் புகுந்து நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் போய்விட்டேன்.

நாங்கள் பேசியது கன்னடத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் உன்னை உள்ளே விட்டது?" என்றார்.

நான் பாட்டில்களை அவர் மேஜைமேல் வைத்தேன். "மேடம், இந்தக் கொள்ளு ஓடாது. ட்ரில் ஆடாது. இதுக்கு உசிரு இருக்கா, இல்லையா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அறிவியல் படித்தவர்தான், பார்த்ததுமே புரிந்திருக்கும். "அது இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போ. உங்க அம்மா மறுபடி வந்து கூப்பாடு போடுவாங்க" என்றார்.

"நான் இன்னும் ஊதிக் காட்டவே இல்லையே" என்றேன்.

டம்ளரில் சுண்ணாம்பு நீரை ஊற்றினேன். காம்பை உதட்டில் வைத்தேன். நடந்து வந்த இரைப்பு அப்படியே இருந்தது. முதல் ஊதலில் இரண்டு குமிழி வந்தது, உடனே இருமல். மறுபடி வைத்தேன். என்னை மாதிரி ஆட்களுக்குக் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். நெஞ்சை யாரோ துணியைப் போலப் பிழிவார்கள். ஆயா பின்னாலிருந்து, "சாக்கு மகளே, சாக்கு" என்றாள். போதும், மகளே, போதும் என்று கெஞ்சினாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கரி மூட்டைதான், வாழ்நாள் முழுக்க அதுதான் என்று எனக்குத் தெரியும். நீர் மங்கியது. பிறகு புகை படிந்தது மாதிரி ஆனது. பிறகு வெளுத்தது.

நான் நிமிர்ந்து பார்க்கும்போது வாசலில் அம்மா நின்றிருந்தாள். என்னைக் காணாமல் ஓடி வந்திருக்கிறாள். அதே கரிக்கை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குப் பேச்சே வரவில்லை, அப்படி இரைத்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் டம்ளரைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். "நோடம்மா, உசிரிதெ" என்றார். பாருங்கம்மா, உசிரு இருக்கு.

அம்மா அதையும் தன் காதால்தான் கேட்டாள். தன் தமிழிலேயே பதில் சொன்னாள். "அவளுக்கு உசுரு இருக்கறது எனக்குத் தெரியாதுங்களா டீச்சரம்மா? நாந்தானுங்க குடுத்தேன். இல்லீன்னு சொன்னது நீங்கதான். இவ இங்கயே உக்காரட்டும். மூச்சு முட்டுச்சுன்னா ஆளனுப்புங்க, நான் வந்து தூக்கிக்கறேன். வீட்டுல வெச்சுப் பாத்துட்டனுங்க, வீட்டுலயும் முட்டத்தான் செய்யுது."

அவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று சொன்னாள். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். ஃபிளாஸ்கைத் திறந்தார். எனக்கு வெற்றிக் குஷி தலைக்கேறிவிட்டது. டம்ளரைக் கழுவிப் புது நீர் ஊற்றி அம்மாவிடம் நீட்டினேன். "நீயும் ஊதும்மா!"

அம்மா வெட்கப்பட்டாள். பிறகு கறுத்த விரலால் காம்பைப் பிடித்து ஊதினாள். ஊதினாள், நிறுத்தினாள், இருமினாள், ஊதினாள். நீர் வெளுக்கவே மாட்டேன் என்றது. "உன் மகளே பரவாயில்லையே" என்று ஆயா கேலி செய்தாள். ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்துவிட்டார். நானும் கைகொட்டிச் சிரித்தேன். கடைசியில் ஒருவழியாக வெளுத்தது. என்னுடையதைவிட எவ்வளவோ மெதுவாக.

அன்றைக்கே என்னை வகுப்பில் உட்கார வைத்தார்கள். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சரியாகிவிட்டார். விழாவில் ட்ரில் கிடையாது, ஓரமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு நில் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். நின்றேன், ஆனால் முன் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் படித்தது, வேலைக்குப் போனது, இந்த ஊரிலேயே வீடு கட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

என் மகன் வயிற்றில் இருந்தபோது இரைப்பு முற்றி டாக்டரிடம் போனேன். சின்ன வயதில் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தூசிதாம்மா" என்றார். தயிரும் இல்லை, மழையும் இல்லை. எனக்கு என்னைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. அம்மா ஊதிய டம்ளர்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் பள்ளிக்கூடத்துக்குத் தப்பிவிட்டேன். அவள் அந்த அறையிலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் மொட்டை போடவில்லை, கற்பூர எண்ணெய் தேய்க்கவில்லை. வேலைக் களைப்பு என்றோம், வயசு என்றோம். அன்று அந்த அறையில் அவளும் ஊதிக் காட்டினாள். பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் மூச்சு நின்ற அன்றைக்கும் டாக்டர் கன்னடத்தில்தான் சொன்னார். உசிரு நின்றுவிட்டது என்றார். அதை அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வீம்பு எதற்கு என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். நாளைக்கும் நான் முன் வரிசையில்தான் பாய் விரிப்பேன். மாஸ்டர் மூச்சை அடக்கச் சொல்லும்போது அடக்க மாட்டேன். என்னால் முடிந்தபோது இழுப்பேன், முடிந்தபோது விடுவேன். பக்கத்தில் உட்காருபவர்களுக்கு என் நெஞ்சு கீச்சிடுவது கேட்கும். கேட்கட்டும். அது என் ஒருத்தியுடைய சத்தம் இல்லை என்று இனிமேல் உங்களுக்குத் தெரியும்.